பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்

அனகாபுத்தூரில் ஞாயிறு ஆராதனை முடிந்து டீக்கடையில் கூடுகிறவர்கள் முதலில் பிரசங்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். அரை டம்ளர் உள்ளே போனதும் பேச்சு திரும்பும்: "பேசுறதெல்லாம் சரிங்க, ஆள் எப்படி?" இதை வம்பு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் ஒதுக்க மாட்டேன். போதகரானாலும், மாப்பிள்ளையானாலும், கடைக்காரரானாலும், சபைக் கமிட்டியில் நிற்பவரானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். யாரிடம் கேட்பது, எதைப் பார்த்துப் பதில் சொல்வது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். மேடையில் ஒருவரைப் பார்த்து, மைக்கில் அவர் குரலைக் கேட்டு, அவர் ஜெபித்தபோது நம் கண் கலங்கியதை வைத்து 'தேவ மனுஷன்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். வேதம் காட்டும் வழி வேறு. பொறுமையாகப் பார்ப்போம், டீ ஆறினால் இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம்.

பவுல் எதைப் பார்க்கச் சொன்னார்?

எபேசு பட்டணத்துச் சபையைக் கவனித்துவந்த தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து வையுங்கள். சபையைக் கண்காணிக்கிறவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் ஏறத்தாழ 15 தகுதிகள். அவற்றில் திறமை என்று சொல்லத்தக்கது ஒன்றுதான்: போதிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மற்றவை எல்லாம் குணம். ஒரே மனைவிக்கு உண்மையாக இருப்பது, தெளிந்த புத்தி, குடிக்கு அடிமையாகாமை, கை நீட்டாமை, சண்டைக்குப் போகாமை, பண ஆசை இல்லாமை, வந்தவரை வீட்டில் ஏற்று உபசரிப்பது, சொந்த வீட்டை ஒழுங்காக நடத்துவது, விசுவாசத்துக்கு நேற்று வந்தவராக இல்லாமை.

இந்தப் பட்டியலில் நாம் வேகமாகத் தாண்டிப் போகிற ஒன்று உண்டு. அந்த நபர் எப்படிப்பட்ட குணம் உள்ளவர் என்று யார் சொல்ல வேண்டும் என்பதையும் பவுல் உள்ளே வைத்திருக்கிறார். வீட்டார் சொல்ல வேண்டும்; சபைக்கு வெளியே இருப்பவர்களும் சொல்ல வேண்டும். எபேசு அர்த்தமி தேவியின் பெருங்கோயிலைச் சுற்றி எழுந்த வணிகப் பட்டணம். அங்கே கிறிஸ்தவர்கள் ஒரு சின்னக் கூட்டம். பக்கத்து வீட்டாரிடம் நல்ல பெயர் இல்லாமல் அவர்களால் ஒரு நாள்கூட வாழ முடியாது. நம் நிலையும் ஏறத்தாழ அதுதான். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6 விழுக்காட்டுக்குச் சற்று மேல். நம்மைச் சுற்றி வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் வேதாகமத்தைப் படிப்பதில்லை, நம்மைப் படிக்கிறார்கள்.

வரம் சீக்கிரம் தெரிந்துவிடும். பாட்டும் பேச்சும் கூட்டத்தில் பத்து நிமிடத்தில் வெளிப்படும். குணம் வெளிப்பட நாளாகும். நம்மிடம் எதிர்பார்க்க எதுவும் இல்லாதவரிடம், நம்மை எதிர்த்துப் பேச முடியாதவரிடம் நடந்துகொள்ளும் விதத்தில் அது தெரியும். ஆகவே ஒருவரின் கிறிஸ்தவக் குணத்துக்கு நம்பகமான சாட்சிகள் அவருடைய மனைவி, அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர், அவருக்குக் கடன் கொடுத்தவர், பக்கத்து வீட்டுக்காரர் ஆகிய நான்கு பேர். இந்த நான்கு பேரின் சாட்சியோடு நம் மண்ணில் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

வெளியாரின் சாட்சி: தஞ்சாவூர் சுவார்ட்ஸ்

பிரஷ்யாவில் 1726-இல் பிறந்த கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் சுவார்ட்ஸ் 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். பிறகு திருச்சி, கடைசியில் தஞ்சாவூர். தமிழில் பேசிப் பிரசங்கித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1779-இல் சென்னையில் இருந்த ஆங்கிலேய அரசு, ஹைதர் அலியின் மனம் அறிந்துவர அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. கிழக்கிந்தியக் கம்பெனியை ஹைதர் நம்பவில்லை. ஆனால் இந்தப் போதகரை நம்பினார். ஏன் நம்பினார் என்பதற்கான பதில் திரும்பி வந்த பிறகு நடந்ததில் இருக்கிறது. வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்த 300 ரூபாயைச் சுவார்ட்ஸ் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. அரசிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்கள் வாங்க மறுத்ததும், தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அதை முதலாக வைத்தார்.

அடுத்த ஆண்டே போர் வந்தது, பின்னாலேயே பஞ்சமும் வந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் இருந்தவர்கள் பட்டினியில் விழுந்தார்கள். சுற்றுப்புறத்தில் நெல் இருந்தது. கொண்டுவரத்தான் ஆள் இல்லை. வாங்கிய நெல்லுக்குக் காசு தராமல் ஏமாற்றிய கதைகளை விவசாயிகள் நிறையப் பார்த்திருந்தார்கள். அரசனின் வாக்கும் கம்பெனியின் வாக்கும் அவர்களிடம் செல்லுபடியாகவில்லை. கடைசியில் சுவார்ட்ஸிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். "நான் பணம் தருகிறேன், என்னை நம்பி வாருங்கள்" என்ற பொருளில் அவர் ஊர்களுக்குச் சொல்லி அனுப்பியதும் மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. அந்த விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்ல. அவருடைய பிரசங்கத்தை அவர்கள் கேட்டிருக்கவும் மாட்டார்கள். பேசிய காசு பேசியபடி வரும் என்று மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு நம்பிக்கை ஒரு கோட்டையைப் பட்டினிச் சாவிலிருந்து காப்பாற்றியது.

சுவார்ட்ஸ் 1798-இல் இறந்தார். அவர் வளர்த்துப் படிக்கவைத்த இரண்டாம் சரபோஜி, தன் ஆசானுக்காக இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லி ஒரு பளிங்குச் சிற்பம் செய்வித்து, தஞ்சைத் தேவாலயத்தில் வைத்தார். மரணப்படுக்கையில் கிடக்கும் போதகரின் அருகில் அரசர் நிற்கும் காட்சி அது. சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தவர். வெளியாரின் சாட்சி என்று பவுல் கேட்டதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் நாட்டில் கிடைப்பது கடினம்.

இன்றைய ஊழியத்துக்கு இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது? பணத்தில் தொடங்கலாம். காணிக்கையை ஒரே குடும்பத்தார் எண்ணக் கூடாது. வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து இருக்க வேண்டும். சபையின் காணிக்கை போதகரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் போகக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைச் சபையில் வாசிக்க வேண்டும். "ஆண்டவருக்குத் தெரியும், மனிதனுக்கு எதற்குக் கணக்கு?" என்று கேட்பவர்கள், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தைப் படிக்கட்டும். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகக் கையில் எடுத்துக்கொண்டு போகவில்லை. சபைகள் நியமித்த ஆட்களைக் கூடவே அழைத்துப் போனார். கடவுளின் பார்வையில் மட்டுமல்ல, மனிதர் பார்வையிலும் குற்றம் இல்லாதபடி நடக்க வேண்டும் என்று காரணமும் சொன்னார். அப்போஸ்தலனே கணக்குக்கு ஆள் வைத்துக்கொண்டார் என்றால் நமக்கு என்ன விதிவிலக்கு?

கூட வேலை செய்பவரின் சாட்சி: அசரியா எடின்பரோவில் சொன்னது

அனகாபுத்தூரிலிருந்து பல்லாவரம் போய் மின்சார ரயிலைப் பிடித்தால் தாம்பரம் அதிக நேரம் ஆகாது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து அங்கே இடம் மாறியது. மறு வருடம் டிசம்பரில் அந்தப் புதிய வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. பல நாட்டுச் சபைத் தலைவர்கள் வந்திருந்த அந்த மாநாட்டில் இந்திய சபையின் முகமாக நின்றவர்களில் மூத்தவர் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்த காலத்தில் அங்கே படித்தவர்.

அவர் 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தார். ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக வேலை செய்தார். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்க முன்னின்றார். பிறகு தானே குருப்பட்டம் பெற்று, நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் போய், தெலுங்கு கற்று ஊழியம் செய்தார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக உயர்த்தப்பட்டார்.

1910-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஓர் உலக மிஷனரி மாநாடு நடந்தது. அங்கே பேசியபோது அவருக்கு வயது 35. அரங்கில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மேலைநாட்டார். மிஷனரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. வீடு வாசல் விட்டு வந்தார்கள், காசு கொடுத்தார்கள், பலர் உயிரையே கொடுத்தார்கள் என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் அவர்களோடு கூட உழைக்கும் இந்திய ஊழியர்களைச் சமமாக நடத்தவில்லை, வீட்டுக்கு அழைப்பதில்லை, உடன் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, நட்பு என்பதே இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று கேட்டு முடித்தார். பலருக்கு அது கசந்தது. அந்த மாநாட்டில் பேசப்பட்ட எத்தனையோ உரைகள் மறந்துபோய்விட்டன. இது இன்றும் நிற்கிறது.

அசரியா சொன்னதன் ஆழத்தைக் கவனியுங்கள். பெரிய தியாகம் செய்யக்கூடிய ஒருவர் சின்ன மரியாதையில் தவறலாம். ஊருக்காக உயிரைக் கொடுப்பார். தன் கூட வேலை செய்பவரை உட்காரச் சொல்ல மாட்டார். இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியும் என்பதுதான் திகைக்கவைக்கும் உண்மை. ஆகவே ஒருவர் எவ்வளவு கொடுத்தார் என்பதை மட்டும் வைத்து அவர் குணத்தை அளக்க முடியாது. யாரோடு சாப்பிட்டார் என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்று மிஷனரி பங்களாக்கள் நம் கையில். அதிகாரமும் நம் கையில். ஆலயத்தைப் பெருக்கி மணி அடிக்கும் கோயில்குட்டிக்குச் சம்பளம் முதல் தேதியில் கிடைக்கிறதா? உதவிப் போதகரைக் கமிட்டி முன்னிலையில் ஒருமையில் கூப்பிடுகிறோமா? சிறப்புச் செய்தியாளரை ஹோட்டலில் தங்கவைத்து, அவரை அழைத்துவந்த டிரைவரை வெளியே நிற்கவைக்கிறோமா? ஞாயிறு பள்ளி ஆசிரியைக்கு வருடத்தில் ஒரு நாளாவது நன்றி சொல்கிறோமா? எடின்பரோவில் எழுந்த கேள்வி இன்று நம்மைப் பார்த்துத்தான் நிற்கிறது.

மனைவியின் சாட்சி

அசரியாவின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1898-இல் நடந்த அவருடைய திருமணம். மணப்பெண் அன்பு மாரியம்மாள் சாமுவேல்; தென்னிந்தியாவில் கல்லூரிப் படிப்புக்குப் போன முதல் கிறிஸ்தவப் பெண்களில் ஒருவர். அசரியா வரதட்சணை வாங்கவில்லை. கல்யாணத்தையும் ஊர் வழக்கத்தை மீறி எளிமையாகச் செய்தார்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். சட்டம் வருவதற்கு 63 ஆண்டுகளுக்கு முன், உறவினர் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தே, மாதச் சம்பளத்தில் வாழ்ந்த ஓர் இளைஞர் இதைச் செய்தார். பின்னால் பேராயர் ஆனபோது அவர் பேசியதற்கெல்லாம் கனம் சேர்த்தவை இப்படிப்பட்ட முடிவுகள்தான்.

தோர்ணக்கல்லில் அன்பு மாரியம்மாள் விருந்தாளியாக வாழவில்லை. பெண்கள் நடுவே அவரும் ஊழியக்காரர்தான். கிராம ஊழியத்துக்குப் பயிற்சி பெற வந்த ஆண்களோடு அவர்களுடைய மனைவியருக்கும் அங்கே பயிற்சி தந்தார்கள். கிராமத்துக்குப் போகும் குடும்பமே ஒரு சாட்சி. கணவன் பிரசங்கிக்க, மனைவி கதவுக்குப் பின்னால் நின்றால் அந்தச் சாட்சியில் பாதி மறைந்துவிடும் என்பதை அவர்கள் புரிந்திருந்தார்கள்.

கிறிஸ்தவத் திருமணத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம். மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்ற பகுதி நமக்கு மனப்பாடம். ஆனால் அந்த அதிகாரத்தை வரிசையாகப் படித்தால், அதற்கு முந்தின வசனமே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிவதைப் பற்றித்தான் பேசுகிறது. 22 முதல் 24 வரை மனைவிக்கு. 25 முதல் 33 வரை பெரும்பாலும் கணவனுக்கு. கணவனுக்கு வைக்கப்பட்ட அளவுகோல் கிறிஸ்து சபைக்காகத் தன்னைக் கொடுத்தது. பெரிய பாரம் யார் தோளில் வைக்கப்பட்டிருக்கிறது என்பது படித்த எவருக்கும் புரியும். பேதுரு இன்னும் ஒரு படி மேலே போகிறார்: மனைவியை மதிக்காத கணவனின் ஜெபத்துக்கே தடை வரும் என்கிறார். வீட்டில் மனைவியை அழவைத்துவிட்டு முழு இரவு ஜெபத்துக்குப் போகிற ஊழியக்காரருக்கு எழுதப்பட்ட வசனம் அது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நீடிய பொறுமை ஆவியின் கனிகளில் ஒன்று. ஆனால் அடி வாங்குகிற பெண்ணிடம் "பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணு, மாறுவார்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு அந்த வார்த்தையைப் பயன்படுத்துவது பாவம். மேலே பார்த்த பவுலின் பட்டியலில் கை நீட்டாதவராக இருக்க வேண்டும் என்பது இருக்கிறதல்லவா? அப்படியானால் மனைவியை அடிக்கிறவர் சபையில் எந்தப் பொறுப்பிலும் இருக்கத் தகுதியற்றவர். அவர் தசமபாகம் எவ்வளவு கொடுத்தாலும் சரி. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-இல் சட்டம் வந்திருக்கிறது. 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அந்த எண்ணைக் கொடுப்பதும், அவளும் பிள்ளைகளும் தங்க ஒரு பாதுகாப்பான வீட்டைக் காட்டுவதும் போதகரின் ஊழியம். அவளைக் காப்பாற்றிய பிறகுதான் அவனுடைய மனம் திரும்புதலைப் பற்றிப் பேச முடியும்.

நம் ஆலயங்களில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரியுமா என்று சபையைக் கேட்கிற பழைய ஒழுங்கு அது. இன்று அதைக் காதில் வாங்காமல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த மூன்று வாரத்தை உண்மையாகவே பயன்படுத்தலாம். மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைப் பார்க்கிற பெண் வீட்டார், அவர் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பெண்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று விசாரிக்கட்டும். தன் அம்மா மீது கோபம் வந்தால் என்ன செய்கிறார் என்று பக்கத்து வீட்டில் கேட்கட்டும். பெண்ணின் நகைக்கணக்கைப் பார்க்கிற மாப்பிள்ளை வீட்டார், இந்த இரண்டு பேரும் பணத்தைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் முதியோரைப் பார்த்துக்கொள்வதைப் பற்றியும் மனம்விட்டுப் பேசினார்களா என்று கேட்கட்டும்.

அன்றாடத்தின் சாட்சி: ஒரு முன்சீப்பின் நாற்காலி

ஊழியக்காரர் அல்லாத நம்மைப்போன்றவர்களுக்கு இன்னொரு முன்னோடி இருக்கிறார்: மாயூரம் முன்சீப் சாமுவேல் வேதநாயகம் பிள்ளை. 1826-இல் திருச்சிக்கு அருகே குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர். 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்ற தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். அவருடைய உத்தியோக வாழ்க்கையும் அறியத்தக்கது. ஆங்கிலத்தில் கிடந்த நீதிமன்றத் தீர்ப்புகளை 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் தமிழில் தந்தார். வழக்காடுகிறவனுக்குத் தன் வழக்கு தன் மொழியில் புரிய வேண்டும் என்ற அக்கறை அது. லஞ்சத்துக்கு எதிராக எழுதினார், பெண்கல்விக்காக எழுதினார். 1876 முதல் 1878 வரை நாட்டை உலுக்கிய பஞ்சத்தில் சொந்தப் பணத்தைச் செலவிட்டு மாயூரத்தில் கஞ்சி ஊற்றினார்.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அந்த உதவியைப் பார்த்து அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். சிவபக்தியில் ஊறிய ஒரு கவிஞர், ஒரு கிறிஸ்தவ அதிகாரியைப் பாட்டில் வைத்தார். வேதநாயகம் பிள்ளை யாரிடமும் மேடை போட்டுத் தன் விசுவாசத்தை நிரூபிக்கவில்லை. கடமையைச் செய்தார், கை நீட்டி வாங்கவில்லை, பசித்தவனுக்கு ஊற்றினார்.

பேராயர் அசரியாவும் விசுவாசத்தை அன்றாடத்திலிருந்து பிரிக்கவில்லை. கிராம மக்களைப் பிடித்து ஆட்டும் பிசாசுகள் என்று அவர் எண்ணிச் சொன்னவை நான்கு: அழுக்கு, நோய், கடன், குடி. அவற்றில் கடனை நாம் சபையில் பேசுவதே இல்லை. பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை நம் குடும்பங்கள் வீட்டுக் கடன், நகைக் கடன், ஆப்பில் வாங்கிய கடன், ஏலச்சீட்டு என்று மூச்சுத் திணறுகின்றன. கடன் வாங்கியவர் போன் எடுக்காமல் ஒளிந்துகொள்வதும், பொய் சொல்லி நாள் கடத்துவதும் குணத்தைத் தின்னும். நேரில் போய், "அண்ணே, இந்த மாசம் முழுசா முடியல, பாதி தர்றேன், மீதிக்குத் தேதி சொல்றேன்" என்று சொல்வது கஷ்டம். சொல்லிவிட்டால் அவருக்கும் உங்களுக்கும் மரியாதை நிற்கும். கடன் கொடுத்தவர் கிறிஸ்தவரானால் அவருக்கும் கடமை உண்டு: வட்டியில் ஈரம் வேண்டும், தெருவில் வைத்துக் கேட்கக் கூடாது.

குணம் கெடுவது பெரும்பாலும் பெரிய பாவத்தில் தொடங்குவதில்லை. நம் ஊர்த் தறிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா வரை கப்பலேறிய 'மெட்ராஸ் கைக்குட்டை'த் துணி நெய்த ஊர் அனகாபுத்தூர். இன்று வாழைநாரிலும் சேலை நெய்கிறார்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் அந்த நிமிடமே தறியை நிறுத்தி முடிந்துவிட வேண்டும். "ஒரு இழைதானே" என்று விட்டால் துணி நெடுகக் கோடு விழும். நெய்து முடித்த பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. கோபம் தணியாமல் சூரியன் அஸ்தமிக்க விடக் கூடாது என்று பவுல் சொன்னதும் இதைத்தான். மனைவியிடம் கத்தினால் அன்றே மன்னிப்புக் கேளுங்கள். கடையில் அதிகச் சில்லறை வந்தால் அப்போதே திருப்பிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒருவரைப் பற்றிப் பொய்ச் செய்தியை அனுப்பிவிட்டால் அதே குழுவில் திருத்தி எழுதுங்கள்.

நல்லவர்களும் தவறும் இடம்

சாட்சிகளைக் கேட்கிறோம் என்றால் கசப்பான சாட்சியையும் கேட்க வேண்டும். சுவார்ட்ஸ் காலத்துத் தஞ்சைச் சபையில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் இருந்தது. அவர் அதை விரும்பவில்லை என்றாலும் முழுவதுமாக ஒழிக்கவில்லை; நாளடைவில் மறையும் என்று விட்டுவைத்தார். மறையவில்லை. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கண்டிப்பான கடிதம் எழுதியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே போனார்கள். ஹைதரும் விவசாயிகளும் நம்பிய அந்த மனிதரின் நிழலில் வளர்ந்த சபையில் இது நடந்தது.

இதைச் சொல்வது அவரைக் குறைக்க அல்ல. காலத்தின் வழக்கத்தோடு ஒத்துப்போகிற இடத்தில்தான் ஒழுக்கமானவர்களும் தவறுகிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். எல்லோரும் செய்கிற பாவம் பாவமாகவே தெரிவதில்லை. இன்று நம் திருமண விளம்பரங்களைப் பாருங்கள்: சபைப் பிரிவை எழுதி, அதற்கு அடுத்தே சாதியையும் எழுதுகிறோம். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிற இரண்டு குடும்பங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுக்க மறுக்கின்றன. கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் தலித் கிறிஸ்தவக் குடும்பம் நம்மைப் பற்றி என்ன சாட்சி சொல்லும்? அதைக் கேட்கத் துணிவில்லாதவரை நம் சபையின் குணத்தைப் பற்றி நாம் பெருமை பேச வேண்டாம்.

இனி என்ன செய்யலாம்?

குணம் ஒரு கன்வென்ஷனில் கிடைப்பதில்லை. அது கடவுளின் கிருபைதான்; ஆனால் அந்தக் கிருபை நம் நேரத்தையும், நம்மைத் திருத்துகிறவர்களையும் கொண்டு வேலை செய்கிறது. ஆகவே திருத்துகிறவருக்கு இடம் கொடுக்க வேண்டும். வருடத்தில் ஒரு நாள் உங்கள் மனைவியிடம் அல்லது கணவரிடம் கேளுங்கள்: "நான் மாற வேண்டியது ஒன்று சொல்." சொன்ன பிறகு விளக்கம் கொடுக்காதீர்கள், கணக்கைத் திருப்பிக் காட்டாதீர்கள், கேளுங்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடம் அதையே கேளுங்கள். சொன்னதற்காக அவர் வேலை போகாது என்று அவர் நம்பும்படி நடந்துகொண்ட பிறகு கேளுங்கள். போதகர்கள் வேறு சபையைச் சேர்ந்த ஒரு மூத்த போதகரிடம் தங்கள் வீட்டையும் பணத்தையும் பற்றி மறைக்காமல் பேசும் வழக்கத்தை வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்தமுறை சபைக் கமிட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது, ஊழியத்துக்கு ஓர் இளைஞரைப் பரிந்துரைக்கும்போது, பெண் கொடுக்கும்போது, பாட்டையும் பேச்சையும் பட்டத்தையும் கொஞ்ச நேரம் ஓரத்தில் வையுங்கள். அவருடைய வீட்டாரைக் கேளுங்கள். அவரோடு வேலை செய்தவரைக் கேளுங்கள். அவருக்குக் கடன் கொடுத்தவரைக் கேளுங்கள். வேறு மதத்துப் பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள். நான்கு பேரும் ஒரே பதிலைச் சொன்னால் அவரை நம்பிப் பொறுப்பைக் கொடுங்கள். அதற்கு முன், இதே நான்கு பேரிடம் உங்களைப் பற்றியும் கேளுங்கள். அவர்கள் சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கத்திலிருந்துதான் உங்கள் வேலை தொடங்க வேண்டும்.